கட்டில் யாருக்கு?

மேற்கு டெல்லியின் கீர்த்தி நகரில் மரச்சாமான் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. முன்னால் கண்ணாடி போட்ட ஷோரூம், பின்னால் சந்துகளில் மரத்தூள் பறக்கும் பட்டறைகள். கரோல் பாகிலிருந்தோ மயூர் விஹாரிலிருந்தோ வந்து, போனில் சேமித்து வைத்த படத்தைக் காட்டி, "இதே மாதிரிதான், ஆனால் எங்கள் அறைக்குத் தகுந்த அளவில் வேண்டும்" என்று கட்டில் செய்யச் சொல்பவர்களுக்கு அங்கே குறைவில்லை. குவீன் சைஸ் என்றால் 78க்கு 60 அங்குலம், கிங் சைஸ் என்றால் 78க்கு 72. தேக்கா, சீசமா, ப்ளைவுட்டில் சன்மைகா ஒட்டியதா? அடியில் சாமான் போட்டு வைக்க இழுப்பறையா, ஹைட்ராலிக்கா? தலைமாட்டில் குஷன் வேண்டுமா? இத்தனையும் முடிந்த பிறகு உயரத்துக்கு வருவார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர் என்றால் தூக்க வேண்டும், சின்னக் குழந்தை என்றால் இறக்க வேண்டும். காதில் பென்சில் செருகிய மிஸ்திரி டேப்பை நீட்டுமுன் கேட்பது ஒன்றுதான்: படுக்கப்போவது யார்?

ஆத்மா உண்டா இல்லையா என்று இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் போட்ட சண்டையில் இதே கேள்விக்கு ஒரு முக்கியமான இடம் இருந்தது. அங்கேயும் சாட்சிக் கூண்டில் நின்றது ஒரு கட்டில்தான்.

ஈசுவரகிருஷ்ணர் எழுதிய சாங்கிய காரிகை 6-ஆம் நூற்றாண்டிலேயே சீன மொழிக்குப் போய்விட்ட பழைய நூல். அதன் 17-வது காரிகை புருஷன், அதாவது தூய அறிவான ஆத்மா, இருப்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. முதல் காரணம், பல பொருள்கள் சேர்ந்து அமைந்த எதுவும் வேறொருவருக்காகவே இருக்கிறது என்பது. உரை எழுதிய கௌடபாதர் இதை விளக்கக் கட்டிலை எடுத்துக்கொள்கிறார். சட்டம், கால்கள், பஞ்சு மெத்தை, விரிப்பு, தலையணை எல்லாம் சேர்ந்தது கட்டில். இந்த உறுப்புகளுக்குத் தங்களுக்குள் ஒன்றால் ஒன்றுக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. தலையணை காலுக்காகச் செய்யப்படவில்லை. விரிப்பு சட்டத்துக்காக விரிக்கப்படவில்லை. கட்டில் தனக்காகவும் இல்லை. ஆகவே அதில் படுக்கிற ஒருவன் இருக்கிறான். கண், காது, மனம், உடம்பு எல்லாமும் இப்படிப் பல சேர்ந்து அமைந்தவைதாமே? அப்படியானால் இவையும் யாரோ ஒருவனுக்காகத்தான். அவனே புருஷன்.

ஆளில்லாத அறையில் கட்டில் ஒன்று கிடந்தால், யாரோ படுக்க வருவார்கள் என்று யாரும் ஊகிப்பார்கள். சாங்கியர் அந்த ஊகத்தை உடம்புவரை நீட்டினார், அவ்வளவுதான். எளிமையான வாதம், கேட்டவுடன் தலையாட்ட வைக்கும்.

பௌத்தர்கள் தலையாட்டவில்லை. பௌத்தத் தருக்க ஆசிரியர் திண்ணாகரின் வழியில் வந்த நூல்கள் இந்த அனுமானத்தையே எடுத்து, பிழையான ஏதுவுக்கு, அதாவது காரணத்துக்கு, உதாரணமாகப் பாடத்தில் வைத்தன. இதைப் படிக்க சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மணிமேகலையின் 29-வது காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். ஏதுப்போலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகையில், கண் முதலிய இந்திரியங்கள் பிறருக்காகவே இருக்கின்றன, படுக்கையையும் ஆசனத்தையும் போல என்ற சாங்கிய வாதத்தை எடுத்துக் காட்டுகிறார். கதை ரசிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி இது. பாத்திரமும் பசியும் சிறைக்கோட்டமும் முடிந்த பிறகு வரும் தருக்கப் பாடத்தை யார் பொறுமையாகப் படிக்கிறார்கள்? தமிழ்க் காப்பியம் ஒன்றில் மரச்சாமான் இவ்வளவு கனமான வேலை செய்த இடம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

பௌத்தரின் மறுப்பு சுருக்கமானது, சற்றுக் குறும்பானதும்கூட. கட்டில் வேறொருவருக்காக இருக்கிறது, சரி. அந்த வேறொருவர் யார்? முதுகும் தோளும் காலும் உள்ள உடம்பு. அதுவும் பல சேர்ந்து அமைந்ததுதான். கட்டிலைச் சாட்சியாக அழைத்தால் அது சொல்வது, தன்னைப் பயன்படுத்துகிறவரும் தன்னைப்போல ஒரு சேர்க்கைதான் என்பதே. உறுப்புகள் அற்ற, அசையாத, எதையும் செய்யாத சாங்கியரின் புருஷனுக்குக் கட்டில் எதற்கு? அவனுக்குத்தான் முதுகே கிடையாதே. ஆக, நிறுவ நினைத்ததற்கு நேர் எதிரானதை அந்த ஏது நிறுவிவிடுகிறது.

இரண்டு கட்சியையும் சேர்த்துப் பார்த்தால் கீர்த்தி நகரின் நிலவரம் தெரியும். தன் அளவுக்குக் கட்டில் செய்துகொள்கிறவர் "இது எனக்காக" என்கிறார். டேப் அளந்து சொல்வதோ ஐந்தடி எட்டு அங்குலம் என்ற ஒரு நீளத்தை. அந்த இரண்டும் ஒன்றுதானா என்பதே வழக்கு.

பௌத்தர்கள் வாதத்தோடு நிற்கவில்லை. கட்டில் செய்யச் சொல்வதற்கென்றே ஒரு விதி வைத்தார்கள். பிக்குகளுக்கான விநய விதிகளில் பாசித்தியப் பிரிவின் 87-வது விதி இது. புதுக் கட்டிலோ பலகையோ செய்விக்கும் பிக்கு, சட்டத்தின் கீழ் விளிம்பை விட்டுவிட்டு, கால்களை எட்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் செய்விக்க வேண்டும். மிஞ்சினால் மிஞ்சிய பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வெறுமனே ஒப்புக்கொண்டால் போதாது. ரம்பம் முதலில், மன்னிப்பு பிறகு.

இந்த விதி பிறந்த கதையில் வருகிறவர் உபநந்தர். சாக்கிய குலத்துப் பிக்கு. விநய நூல்களில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஆசாமி. சாவத்தியில் உயரமான கட்டிலில் படுத்து வந்தார். ஒருநாள் புத்தர் பிக்குகள் தங்கும் இடங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது, உபநந்தர் தூரத்திலேயே அவரைக் கண்டு, என் கட்டிலைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். புத்தர் வந்த வழியே திரும்பிவிட்டார். ஒருவன் தங்கும் இடத்தைக் கொண்டே அவனை அறிந்துகொள்ளலாம் என்ற பொருளில் மற்றவர்களிடம் சொன்னார். புதுச் சாமான் வந்ததும் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போகும் சுபாவம் நேற்று வந்ததில்லை என்று தெரிகிறது. அடுத்த விதி மெத்தைக்கு. கட்டிலில் இலவம்பஞ்சு போன்றதை அடைத்துத் தைத்தால், பஞ்சைப் பிய்த்து எடுத்துவிட வேண்டும். சிற்றின்ப வாழ்வு வாழும் இல்லறத்தார் மாதிரி இருக்கிறார்களே என்று ஜனங்கள் பேசியதுதான் காரணம்.

எட்டு விரல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிக்குவின் விரல் கணக்கில்லை. சுகதருடைய, அதாவது புத்தருடைய, விரல்தான் அளவுகோல். அது எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சாதாரண மனிதனின் அளவைப்போல மூன்று மடங்கு என்பது உரை மரபு. இன்றைய ஒரு கணக்கு எட்டு விரலைச் சுமார் 17 சென்டிமீட்டர் என்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும் ஒன்று மாறவில்லை. நெட்டையான பிக்கு, குட்டையான பிக்கு, முழங்கால் வலிக்காரர் எல்லாருக்கும் ஒரே கால் உயரம். ஆளுக்குத் தகுந்த அளவில் செய்வது என்ற யோசனையையே இந்த விதி எடுத்துவிடுகிறது. மரத்தின் மேலோ தச்சர் மேலோ அதற்குக் கோபம் இல்லை. புதுக் கட்டில் செய்வித்துக்கொள்ள அனுமதியும் தருகிறது. அளவு மட்டும் வேறொருவருடையதாக இருக்க வேண்டும். ஆத்மா இல்லை என்று தருக்கத்தில் சொன்னவர்கள், ரம்பத்தைக் கையில் எடுத்தபோதும் அதையே சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பவர் வராகமிகிரர். 6-ஆம் நூற்றாண்டு உஜ்ஜயினிக்காரர். அவருடைய பிருஹத் சம்ஹிதையில் படுக்கைக்கும் ஆசனத்துக்கும் தனி அத்தியாயம் உண்டு. அரசனுக்குக் கட்டில் 100 அங்குலம், இளவரசனுக்கு 90, அமைச்சருக்கு 84, சேனாபதிக்கு 78, புரோகிதருக்கு 72. இங்கே அங்குலம் என்பது எட்டு வாற்கோதுமை மணிகளின் அளவு. புரோகிதர் அரசனைவிட நெட்டையாக இருந்தால் காலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான். கட்டில் அளப்பது உடம்பை இல்லை, பதவியை. மரத் தேர்விலும் கறார். தேக்கும் சீசமும் அவருடைய நல்ல மரப் பட்டியலில் இருக்கின்றன. இடி விழுந்தது, யானை சாய்த்தது, தேனடையோ பறவைக் கூடோ உள்ளது, சுடுகாட்டில் நின்றது, கொடி சுற்றியது, உச்சி காய்ந்தது எல்லாம் தள்ளுபடி. பறவைக் கூட்டுக்கான விலக்கு சகுனத்துக்காகவே இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே வேறொருவருக்குப் படுக்கையாக இருக்கும் மரம் என்று அதைப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

டெல்லியில் இருந்த, ஆர்டர் கொடுத்துச் செய்த ஆசனங்களில் பெயர் பெற்றது மயிலாசனம். ஷாஜகான் செய்யச் சொன்னது. பொற்கொல்லரான சயீதா கீலானியின் மேற்பார்வையில் ஏழு ஆண்டு வேலை. அரசவை வரலாற்று ஆசிரியர் அப்துல் ஹமீத் லாகோரி எழுதி வைத்த கணக்குப்படி செலவு ஒரு கோடி ரூபாய். 1635-இல் ஆக்ராவில் பேரரசர் அதில் முதன்முதலாக அமர்ந்தார். பிறகு புதுத் தலைநகரான ஷாஜகானாபாத்துக்கு, இன்றைய செங்கோட்டைக்கு, அது வந்தது. 1658-இல் ஔரங்கசீப் அப்பாவை ஆக்ரா கோட்டையில் அடைத்தார். செய்யச் சொன்னவர் உயிரோடு இருக்கும்போதே ஆசனத்தில் மகன் உட்கார்ந்திருந்தார். 1739-இல் நாதிர் ஷா அதை ஈரானுக்குத் தூக்கிக்கொண்டு போனார். யாருக்காகச் செய்தது என்று அந்த ஆசனத்தைக் கேட்டிருந்தால் எந்தப் பெயரைச் சொல்லியிருக்கும்?

அரசர்களுக்குத்தான் என்றில்லை. சண்டிகர் நகரை எழுப்பியபோது அங்கிருந்த அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பியேர் ஜான்னெரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. எந்த அலுவலகத்துச் சொத்து என்பது பின்புறம் பெயிண்டில் எழுதியிருக்கும். பழசானதும் பலவற்றைக் காயலான் சரக்காக ஏலம் விட்டார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் வாங்கிப் பழுது பார்த்து, பாரீஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டுத் தடுக்க வேண்டி வந்தது. குமாஸ்தாவுக்காகச் செய்தது கோடீசுவரர் வீட்டு வரவேற்பறையில் நிற்கிறது, பின்புறத்தில் அந்தப் பெயிண்ட் எழுத்து அழியாமல். அழியாமல் இருந்தால்தான் விலையும் அதிகம்.

தெற்கு டெல்லியில் லாஜ்பத் நகரை ஒட்டிய அமர் காலனிச் சந்தையில் இதையே சின்ன அளவில் பார்க்கலாம். பழைய மரச்சாமான்கள் அங்கே நடைபாதைவரை வந்து நிற்கும். ஏதோ ஒரு அறையின் மூலைக்கென்று வெட்டிய அலமாரி, எந்த மூலையிலும் பொருந்தாமல் காத்திருக்கும். நான்கு அங்குலம் குறைத்துத் தர முடியுமா என்று வாங்க வருகிறவர் கேட்பார். முடியும் என்பார்கள்.

உயரமா தரையா என்ற பழைய வழக்கு சீக்கியர்களிடையே ரத்தம் சிந்தும் அளவுக்குப் போனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில குருத்வாராக்களின் லங்கர் கூடங்களில், அதாவது எல்லாருக்கும் உணவிடும் பொதுக் கூடங்களில், நெடுங்காலமாக மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். குளிரும் வயதும் ஒரு காரணம், அந்த ஊர்ப் பழக்கம் இன்னொன்று. லங்கரின் உயிரே எல்லாரும் ஒரே மட்டத்தில் தரையில் அமர்வதுதான் என்றது எதிர்த் தரப்பு. 1997 ஜனவரியில் சர்ரே நகரில் கைகலப்பு நடந்தது. 1998 ஏப்ரலில் அமிர்தசரசில் உள்ள சீக்கிய சமய பீடமான அகால் தக்த்தின் தலைவர், ஜதேதார் ரஞ்சித் சிங், தரையில்தான் அமர வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். மறுத்தவர்கள் சீக்கிய சமூகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். நாற்காலித் தரப்பின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லாருக்கும் ஒரே உயர நாற்காலி என்றால் அதுவும் ஒரே மட்டம்தானே? அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில், மட்டத்துக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு, அதற்குக் கீழே யாரையும் இறக்க முடியாது, அது தரை என்பதாக இருந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம்.

டெல்லி பங்களா சாகிப் குருத்வாராவிலோ, எல்லாரும் தரையில் அமர்ந்திருக்க, உயரமான இடமும் விதானமும் குரு கிரந்த சாகிபுக்கு மட்டும். இரவில் அந்த நூலை எடுத்துச் சென்று படுக்கையில் கிடத்தி ஓய்வு தருகிறார்கள். சீக்கியருக்கு அது உயிருள்ள குரு. நம் ஊர்க் கோயில் பள்ளியறைக் கட்டிலும் இந்த வகைதான். சாங்கியர் தேடிய கட்டில் இதுவாக இருக்கலாம்: எலும்பும் சதையும் சேர்ந்த உடம்பு எதுவும் படுக்காத கட்டில். அறவண அடிகள் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

இந்த விவாதத்தையே தலைகீழாக்கியவர்கள் வைணவ ஆசாரியர்கள். திருமாலின் படுக்கை ஆதிசேஷன். யாமுனாசாரியார் ஸ்தோத்ர ரத்தினத்தில் அவனை இருப்பிடம், படுக்கை, ஆசனம், பாதுகை, உடை, தலையணை, குடை என்று அடுக்குகிறார். உயர்ந்த பக்தன் ஒருவன் ஒரு வீட்டின் சாமான் முழுவதுமாக ஆகி நிற்கிறான். ராமானுசர் வேதார்த்த சங்கிரகத்தில் இதையே இலக்கணமாக்கினார். பிறருக்குச் சிறப்பைச் சேர்ப்பதையே தன் இயல்பாகக் கொண்டது எதுவோ அது சேஷம். ஜீவன் இறைவனுக்குச் சேஷம். சாங்கியர் கட்டிலைக் காட்டி, இதில் படுப்பவனே ஆத்மா என்றார். பௌத்தர், படுப்பதும் ஒரு கட்டில்தான் என்றார். ராமானுசரோ ஆத்மாவைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டார், அதிலும் கௌரவமாக. மூன்றிலும் துணிச்சலானது இதுதான். வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர் தாமே ஒருவருக்குச் சாமான் என்று எண்ணிக்கொண்டு கடைக்குள் நுழைவது லேசான காரியமா?

சாமானே அதிகம் வேண்டாம் என்று இருந்தவரும் உண்டு. பிர்லா மாளிகையில் காந்தி கடைசியாகத் தங்கிய அறையை இன்றும் பார்க்கலாம். பெரும் பணக்காரர் ஒருவரின் டெல்லி மாளிகை அது. நல்ல மரச்சாமானுக்குப் பஞ்சமிருந்திருக்காது. 1947 செப்டம்பரிலிருந்து 1948 ஜனவரி 30 வரை அங்கே அவருக்கு இருந்தது தரையில் விரித்த மெத்தையும் குட்டையான எழுது மேசையும். அந்த மேசையையும் யாரோ ஒரு தச்சர், தரையில் உட்கார்ந்து எழுதும் மனிதருக்கென்று அளந்துதான் செய்திருக்க வேண்டும்.

தச்சர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, இத்தனை பேரும் படுப்பவரைப் பற்றியே பேசினார்கள். செய்தவரைக் கேட்டது நியாய தரிசனம். உதயணர் நியாய குசுமாஞ்சலியில் வைத்த வாதங்களில் முதலாவது, உலகம் செய்யப்பட்ட பொருள், ஆகவே அதற்கு ஒரு கர்த்தா உண்டு என்பது. கடவுளை ஏற்ற ராமானுசரே ஸ்ரீபாஷ்யத்தில் இதை மறுத்தார். கடவுளைச் சாத்திரத்தால் அறியலாம், இந்த அனுமானத்தால் முடியாது; உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒரே கையால் ஆனது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

கீர்த்தி நகரில் அவர் பக்கம்தான் சாட்சி பலம். யமுனா நகர் ப்ளைவுட், சகாரன்பூரில் கடைந்த கால், சன்மைகா ஒட்டியவர் ஒருவர், பாலிஷ் போட்டவர் இன்னொருவர், ஹைட்ராலிக் மாட்டியவர் மூன்றாமவர், தலைமாட்டுக் குஷன் தைத்தது அடுத்த சந்தில். வடிவம் வாடிக்கையாளரின் போனிலிருந்து, அது போனுக்கு எங்கிருந்து வந்ததோ. மூன்றாம் மாதம் கட்டில் கிரீச்சிட ஆரம்பித்தால் கடைக்காரர் மிஸ்திரிக்குப் போன் போடுவார். மிஸ்திரி ஹைட்ராலிக்காரரைக் காட்டுவார். அவர், தரை மட்டமில்லை என்று வீட்டைக் காட்டுவார். பில்லில் கர்த்தாவாகக் கையெழுத்திட்டிருப்பவர் அட்வான்ஸ் வாங்கிய ஒருவர்தான், அவர் அந்த மரத்தில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.